ஒரே ஆக்சைடில் காந்தமும் மின்முனைவும் எப்படிச் சேர்ந்திருக்கின்றன?

பிஸ்மத், இரும்பு, ஆக்சிஜன் சேர்ந்த ஆக்சைடான பிஸ்மத் ஃபெரைட்டில் காந்த ஒழுங்கும் மின் ஒழுங்கும் (மின்முனைவு வரிசைப்பட்டு நிற்பதும்) ஒன்றாக இருப்பது எப்படி என்று களியக்காவிளை மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

நம் மணவாளக்குறிச்சிக் கருமணலில் வலிய காந்தத்தை வைத்தால் ஒட்டிக்கொண்டு வரும் இல்மனைட்டும் இரும்பு கலந்த ஆக்சைடுதான். ஆனால் அதன் படிகம் மையச் சமச்சீர் உடையதால், அதாவது மையத்தின் எதிரெதிர்ப் பக்கங்களில் ஒரே அமைப்பு இருப்பதால், நேர், எதிர் மின்னூட்டங்கள் விலகி நிற்கும் மின்முனைவு கிடையாது. பிஸ்மத் ஃபெரைட்டிலோ இரண்டு அயனிகள் வேலையைப் பகிர்ந்துகொள்கின்றன: இரும்பின் இணைசேரா எலக்ட்ரான்கள் காந்தத்தைத் தர, பிஸ்மத்தின் தனித்த (பிணைப்பில் சேராத) எலக்ட்ரான் இணை ஒருபக்கம் சாய்ந்து, அயனிகளை இடம்பெயர்த்து, மின்முனைவை உண்டாக்குகிறது. மின் ஒழுங்கு ஏறத்தாழ 830 டிகிரி செல்சியஸ் வரையும் காந்த ஒழுங்கு ஏறத்தாழ 370 வரையும் நிலைப்பதால், அறை வெப்பநிலையிலேயே இரண்டும் கிடைப்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. குறை ஒன்றுண்டு: அடுத்தடுத்த இரும்பு அயனிகளின் தற்சுழற்சிகள் (ஸ்பின்; ஒவ்வொன்றும் ஒரு சிறு காந்தம் போன்றது) எதிரெதிராக நிற்பதோடு, சுமார் 62 நானோமீட்டருக்கு ஒரு சுற்றாகச் சுருண்டும் செல்வதால் மொத்தக் காந்தம் ஏறக்குறைய அற்றுப்போகிறது; மெல்லிய படலமாக வளர்த்துச் சுருளைக் குலைத்தால் சிறிதளவு வெளிப்படும்.