ஓட்டாத வண்டிக்கு ஓவர் ஸ்பீடு சலான்

கேள்வி: திருநெல்வேலியில் வசிக்கிறேன். என் ஸ்கூட்டர் மாவட்டத்தைத் தாண்டியதே இல்லை. ஆனால் சென்னையில் அதிவேகமாகப் போனதாக ரூ.1,000 இ-சலான் வந்திருக்கிறது. படத்தில் இருப்பது என் வண்டி மாதிரி தெரியவில்லை. தெரிந்த புரோக்கர் ஒருவர், “600 ரூபாய் கொடுங்கள், சிஸ்டத்திலிருந்தே தூக்கிவிடுகிறேன்” என்கிறார். அலைவதற்குப் பதில் கட்டித் தொலைத்துவிடலாமா?

பதில்: கட்டாதீர்கள். இப்போது கட்டிவிட்டு அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள்தான் அதிகம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 200-வது பிரிவுப்படி, அந்தப் பணத்தைக் கட்டினால் விவகாரத்தை நீங்களே முடித்துக்கொண்டதாக அர்த்தம். அதன்பிறகு கேட்க எதுவும் மிச்சமிருக்காது.

படத்தைப் பெரிதாக்கி நம்பர் பிளேட்டைப் பாருங்கள். என்னிடம் வந்த ஒருவரின் சலானில், 3-க்குப் பக்கத்தில் இருந்த போல்ட்டின் தலையைச் சேர்த்துக் கேமரா 8 என்று படித்திருந்தது. அப்படியென்றால் வேலை சுலபம். மத்திய அரசின் இ-சலான் பரிவாகன் இணையதளத்தில் புகார் பகுதி இருக்கிறது. ஆர்சி (வண்டியின் பதிவுச் சான்று) நகல், உங்கள் வண்டியை முன்னும் பின்னும் எடுத்த படங்கள், சலான் எண் மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள். சலான் போட்ட போக்குவரத்துக் காவல் பிரிவுக்கும் ஒரு பிரதி பதிவுத் தபாலில் போகட்டும்.

பிளேட்டில் இருப்பது உங்கள் எண்ணேதான், வண்டி மட்டும் வேறு என்றால் சும்மா இருக்காதீர்கள். யாரோ உங்கள் எண்ணை மாட்டிக்கொண்டு சுற்றுகிறார். நாளைக்கு அந்த வண்டி யார் மீதாவது மோதினால் போலீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். உள்ளூர்க் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்காமல் எழுந்து வராதீர்கள்.

அடுத்து அந்த 600 ரூபாய்க்காரர். சிஸ்டத்திலிருந்து தூக்க அவரால் முடியாது. அவர் கையில் இருப்பது உங்கள் கையிலும் இருக்கும் அதே இணையதளம்தான். பணத்தை வாங்கிக்கொண்டு, கணினியில் தயாரித்த ஒரு ரசீதைக் கொடுப்பார்கள். இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கும்போதோ வண்டியை விற்கும்போதோ பார்த்தால் சலான் அப்படியே நிற்கும். சிலர் செல்போனைக் கையில் வாங்கி ஓடிபியும் கேட்பார்கள். கொடுக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் ‘சலான்’ என்ற பெயரில் ஏபிகே ஃபைல் (செல்போனில் செயலியை நிறுவும் கோப்பு) வந்தால் தொடவே வேண்டாம். அரசு எந்தச் சலானையும் ஏபிகேயாக அனுப்புவதில்லை. அதை நிறுவினால் வங்கிக் கணக்கு காலியாகலாம்.

“வண்டி என்னிடம் இல்லை” என்ற பதில் எடுபடாத இடம் ஒன்று உண்டு: வண்டியை விற்றுவிட்டு ஆர்சியில் பெயர் மாற்றாமல் விட்டவர்கள். சட்டத்தின் கண்ணில் இன்னும் நீங்கள்தான் உரிமையாளர். விற்ற பத்திரம், வாங்கியவர் கொடுத்த பணம், டீக்கடை சாட்சி எதுவும் அதை மாற்றாது. விபத்து இழப்பீடே ஆர்சியில் பெயர் உள்ளவர் தலையில்தான் விழும் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மாநிலத்துக்குள் விற்றால் 14 நாட்களுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டியது விற்றவர் பொறுப்பு. அதற்குத்தான் படிவம் 29. “வாங்கியவர் மாற்றிக்கொள்வார்” என்று சாவியோடு சேர்த்துப் படிவத்தையும் வெறுமனே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது நம் ஊர் வழக்கம். உங்கள் கேள்விக்கு இது பொருந்தாதுதான். ஆனால் என்னிடம் வருபவர்களில் பாதிப்பேர் இந்தக் கதையோடுதான் வருகிறார்கள்.

உங்கள் சலான் மெய்நிகர் நீதிமன்றத்துக்கு, அதாவது சலான் வழக்குகளை இணையத்திலேயே பார்க்கும் நீதிமன்றத்துக்கு, போயிருந்தால், பணம் கட்டுவதற்கும் எதிர்ப்பதற்கும் தனித்தனி வழி காட்டும். எதிர்ப்பதைத் தேர்ந்தெடுத்தால் வழக்கு வழக்கமான நீதிமன்றத்துக்கு மாறும். நேரில் போக வேண்டிவரலாம். கேமரா ஒரு நொடியில் செய்த தப்புக்குத் திருநெல்வேலிக்காரர் ரயில் ஏற வேண்டுமாம்! அதனால்தான் நீதிமன்றத்துக்குப் போகும் முன்பே புகாரை முடித்துவிடப் பாருங்கள். சலானில் போட்டிருக்கும் கெடு தேதியை இன்றே காலண்டரில் குறித்து வையுங்கள். ஆர்சியில் பதிந்திருக்கும் செல்போன் எண் பழையதாக இருந்தால் அதையும் மாற்றுங்கள். அடுத்த தகவல் அந்த எண்ணுக்குத்தான் வரும்.