டாட் காம் சைட் வச்சிருக்கீங்களா? அமெரிக்க பைரசி மசோதா உங்கள என்ன பண்ணும்

கேள்வி: திருச்சியிலருந்து ஒரு சைட் நடத்துறேன் சார். பழைய சினிமா பாட்டு வரிகள், மெம்பர்ஸ் ஏத்துற ஆடியோ, அவங்க போடுற லிங்க்னு ஓடிட்டிருக்கு. டாட் காம் டொமைன், சர்வரும் அமெரிக்காலதான். அங்க புதுசா பைரசி சட்டம் வருதாமே, வெளிநாட்டு சைட்ட எல்லாம் ப்ளாக் பண்ணிருவாங்களா?

பதில்: நீங்க சொல்றது 2025 ஜனவரில ஸோயி லாஃப்கிரன்ங்கிற எம்.பி. கொண்டுவந்த மசோதாவா இருக்கணும். வெளிநாட்டுல இருந்து நடக்குற ஒரு சைட்ட பைரசி சைட்டுன்னு ஃபெடரல் கோர்ட்டு முடிவு பண்ணிட்டா, ஒரு லட்சம் கஸ்டமருக்கு மேல வச்சிருக்குற நெட் கம்பெனிங்களும் பெரிய டிஎன்எஸ் சர்வீஸ்களும் (சைட் பேர வச்சு அதோட சர்வர் முகவரிய கண்டுபிடிச்சுத் தர்றவங்க) அத அமெரிக்கால தெரியவிடாம அடைக்கணும், அவ்ளோதான். ஆனா முக்கியமா பைரசிக்குன்னே நடத்துற சைட்டா இருக்கணும், சைட்காரர் கோர்ட்ல பதில் சொல்லவும் வழி வச்சிருக்காங்க. நாலு மெம்பர் நாலு பாட்டு ஏத்துனதுக்கு இது உங்க மேல பாயாது.

2011ல வந்த சோப்பாங்கிற பழைய பைரசி மசோதா (உக்கார்ற சோபா இல்ல) இதவிட முரட்டு ஆசாமி. சைட்டுல ஒரு பகுதி மட்டும் தப்பா இருந்தாலே போதும்னு எழுதி வச்சிருந்தாங்க, பாட்டு கம்பெனி ஒரு நோட்டீஸ் விட்டா விளம்பரக் கம்பெனியும் பணம் வாங்கித் தர்ற கம்பெனியும் 5 நாள்ல உங்கள கழட்டி விட்ரணும், கோர்ட்டு வாசப்படியே மிதிக்க வேணாம். அத எதிர்த்து 2012 ஜனவரி 18ல இங்கிலீஷ் விக்கிபீடியா ஒரு நாள் ஷட்டர இழுத்து மூடுச்சு, ரெண்டே நாள்ல மசோதாவ தள்ளி வச்சாங்க, அதோட அது படுத்ததுதான். அன்னிக்கு அத எதிர்த்து நின்னவங்கள்ல இதே லாஃப்கிரன் அம்மாவும் ஒருத்தர்ங்கிறது தனிக்கூத்து.

உண்மைய சொன்னா வரப்போற சட்டத்தவிட உங்க டொமைன நெனச்சுதான் எனக்கு கவலை. டாட் காம் பதிவேடு மொத்தமும் அமெரிக்க கம்பெனியான வெரிசைன் கையில இருக்கு, நீங்க திருச்சில இருந்தா என்ன திம்புல இருந்தா என்ன. ரோஹாதிரெக்தான்னு ஒரு ஸ்பெயின் சைட், மேட்ச் லிங்க் போடுவாங்க, அது தப்பில்லன்னு ஸ்பெயின் கோர்ட்டே சொல்லிருச்சு, அப்படியும் 2011 ஆரம்பத்துல அவங்க டாட் காம அமெரிக்க அதிகாரிங்க புடுங்கிட்டாங்க, திரும்பக் கெடைச்சது 2012 ஆகஸ்ட்ல. அமெரிக்காலயே ஓடுன ஒரு ஹிப்ஹாப் பாட்டு சைட்டையும் 2010 நவம்பர்ல எடுத்து, ஒரு வருஷம் கழிச்சு வழக்கே போடாம திருப்பிக் குடுத்தாங்க. ரெண்டும் இருக்குற சட்டத்த வச்சே நடந்ததுங்க, புது மசோதா எதுவும் தேவப்படல.

அதனால இப்பவே செய்ய வேண்டியத சொல்றேன். டிஎம்சிஏன்னு 1998ல வந்த அமெரிக்க காப்பிரைட் சட்டத்துல மெம்பர் ஏத்துனதுக்கு சைட்காரர் மேல நஷ்டஈடு விழாம ஒரு பாதுகாப்பு இருக்கு, ஆனா அது சும்மா கெடைக்காது, அமெரிக்க காப்பிரைட் ஆபீஸ்ல புகார் வாங்குற ஏஜென்ட்டுன்னு ஒருத்தர ஆன்லைன்ல பதியணும், ஃபீஸ் 6 டாலர்தான், 3 வருஷத்துக்கு ஒருக்கா புதுப்பிக்கணும். இத பண்ணாமயே பாதுகாப்பு இருக்குன்னு நெனச்சுட்டு இருக்குறவங்கதான் ஜாஸ்தி. புகார் வந்தா ஒடனே தூக்குங்க, தேதி நேரத்தோட குறிச்சு வைங்க, திரும்பத் திரும்ப ஏத்துறவர வெளிய அனுப்பிருங்க. நம்மூர் காப்பிரைட் விதிப்படியும் எழுத்துல புகார் வந்தா 36 மணி நேரம்தான் டைம், 21 நாளுக்குள்ள அவங்க கோர்ட்டு ஆர்டர் கொண்டு வரலன்னா நீங்க திரும்ப வைக்கலாம்.

இதெல்லாம் மெம்பர் போட்டதுக்குதான், நீங்களே கைப்பட டைப் பண்ணிப் போட்ட பாட்டு வரிக்கு இந்த குடை கெடையாது. பாரதியார் பாட்டுன்னா யாரும் உரிமை கேட்டு வர மாட்டாங்க. கண்ணதாசன் 1981ல காலமானார், எழுதுனவர் போனப்புறம் 60 வருஷம்னு கணக்கு, ஆக 2041 முடியுற வரைக்கும் அவர் வரிக்கு உரிமை இருக்கு.

கடைசியா ஒண்ணு. தப்பா வந்த புகாருக்கு டிஎம்சிஏ எதிர்நோட்டீஸ் அனுப்பலாம்னு யாராச்சும் சொல்லுவாங்க. அனுப்பலாம்தான், ஆனா அதுல கையெழுத்து போட்டா அமெரிக்க ஃபெடரல் கோர்ட்ட ஏத்துக்குறேன்னு நீங்களே எழுதிக் குடுக்குற மாதிரி, அதனால ஒரு வக்கீல்ட்ட காட்டிட்டு அனுப்புங்க.