மறதிநோய்ப் பராமரிப்பு இல்லம்: உறவினர்களின் கேள்விகளும் பதில்களும்

மறதிநோய் உள்ள முதியவர்கள் தங்கிப் பராமரிக்கப்படும் இல்லங்களில் நான் இருபது ஆண்டுகளாகச் செவிலியராகப் பணியாற்றி வருகிறேன். தாயையோ கணவரையோ மனைவியையோ அத்தகைய இல்லத்தில் சேர்ப்பதா வேண்டாமா என்று தவிப்பவர்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியுள்ளேன்.

கேள்வி: சாதாரண முதியோர் இல்லத்திலும் உணவு, மருந்து, துணை எல்லாம் கிடைக்கின்றனவே. மறதிநோய்க்கென்று தனி இல்லம் எதற்கு?

பதில்: தனக்கு வேண்டியதைக் கேட்டுப் பெறக்கூடியவரை மனத்தில் வைத்தே சாதாரண முதியோர் இல்லம் அமைக்கப்படுகிறது. மறதிநோய் முற்றியவருக்குத் தாகம் எடுத்தாலும், தண்ணீர் எங்கே இருக்கிறது, அதை யாரிடம் எப்படிக் கேட்பது என்பது பிடிபடாமல் போகலாம். அதனால் நல்ல மறதிநோய் இல்லத்தில் கட்டடமே அவருக்கு வழி சொல்லும்படி இருக்கும். படுக்கையில் இருந்தபடியே கழிப்பறை கண்ணில் படும். தரையில் விரித்த கறுப்புக் கால்மிதி அவருக்குப் பள்ளமாகத் தோன்றக்கூடும் என்பதால் தரை முழுவதும் ஒரே நிறத்தில் இருக்கும். தட்டும் உணவும் ஒரே நிறமாக இருந்தால் உணவு இருப்பதே தெரியாது என்பதால் தட்டுகள் அழுத்தமான நிறத்தில் இருக்கும். நடைபாதைகள் பூட்டிய கதவில் போய் முடியாமல், சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும். நடக்கத் துடிக்கும் ஒருவரை உட்காரச் சொல்லி அடக்குவதைவிட, அவர் அச்சமின்றி நடக்க இடம் தருவது எத்தனையோ மேலானது. நெதர்லாந்தில் 2009ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஹோக்வேய்க் இல்லம் இந்த எண்ணத்தின் நீட்சிதான்; தெருக்களும் தோட்டங்களும் கொண்ட ஒரு சிற்றூராகவே அது கட்டப்பட்டிருக்கிறது.

கேள்வி: என் அம்மா நாற்பது ஆண்டுகள் வாழ்ந்த வீட்டிலேயே இருந்துகொண்டு, மாலையானால் "வீட்டுக்குப் போகணும்" என்று அழுகிறார். "இதுதான் அம்மா வீடு" என்று எவ்வளவு எடுத்துச் சொன்னாலும் கோபம்தான் கூடுகிறது. இல்லத்தில் இருப்பவர்கள் மட்டும் என்ன செய்துவிட முடியும்?

பதில்: உங்கள் அம்மா கேட்கும் வீடு பெரும்பாலும் அவர் சிறுமியாக இருந்த வீடாகவோ, பயமில்லாத ஓர் இடமாகவோ இருக்கும். "இதுதான் வீடு" என்று நீங்கள் சொல்லும்போது, தான் சொல்வதை யாரும் நம்பவில்லை என்ற தனிமைதான் அவரிடம் மிஞ்சுகிறது. பயிற்சி பெற்ற ஊழியர் மறுத்துப் பேசமாட்டார். அருகில் அமர்ந்து, "அந்த வீட்டில் யாரெல்லாம் இருந்தார்கள், சொல்லுங்களேன்" என்று கேட்பார். பேசப் பேச அழுகை அடங்குவதை நான் எண்ணற்ற மாலைகளில் கண்டிருக்கிறேன்.

மாலையில் இந்தத் தவிப்பு கூடுவதற்கு உடல் சார்ந்த காரணங்களும் உண்டு. பகல் முழுவதும் சேர்ந்த களைப்பு, பசி, சிறுநீர் கழிக்க வேண்டிய உந்துதல், சொல்லத் தெரியாத மூட்டுவலி, மங்கும் வெளிச்சத்தில் அச்சுறுத்தும் நிழல்கள் ஆகியவை அவற்றுட் சில. எனவே இருட்டுவதற்கு முன்பே விளக்குகளைப் பளிச்சென ஏற்றிவிடுவோம். ஏதேனும் உண்ணக் கொடுப்போம். கழிப்பறைக்கு அழைத்துச் செல்வோம். இவையெல்லாம் உங்களுக்கும் தெரிந்தவைதான். ஆனால் மாலை நேரத்தில் நீங்கள் களைத்துப் போயிருப்பீர்கள். இங்கே அப்போதுதான் புதிய ஊழியர் பணிக்கு வருவார்.

கேள்வி: இல்லத்தில் சேர்த்தால் நினைவாற்றல் திரும்புமா?

பதில்: திரும்பாது. மறதிநோய்க்கு முக்கியக் காரணமான அல்சைமர் நோயால் அழிந்த மூளைச் செல்களை எந்த இல்லமும் மீட்டுத் தராது. அப்படி உறுதியளிப்பவரிடம் உங்கள் உறவினரை ஒப்படைக்காதீர்கள். குறையக்கூடியவை அச்சமும் அலைக்கழிப்பும், தவறிப்போகும் மருந்து வேளைகளும் உணவு வேளைகளும்.

கேள்வி: எனக்கு வயது 79. மனைவி இரவில் நான்கைந்து முறை எழுந்து வாசற்கதவைத் திறக்கிறாள். நான் தூங்கி மாதங்கள் ஆகின்றன. எந்நாளும் வெளியே அனுப்பமாட்டேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

பதில்: ஐயா, அந்த வாக்கைக் கொடுத்தபோது இந்த நோய் எப்படி இருக்கும் என்று உங்கள் இருவருக்குமே தெரியாது. அவரைக் கைவிடமாட்டேன் என்பதுதான் அந்த வாக்கின் உயிர் என்று நான் நினைக்கிறேன். நீங்கள் மயங்கி விழுந்தால் அந்த இரவில் அவருக்கு யார் இருப்பார்கள்? இல்லத்தில் இரவுப் பணியாளர்கள் விழித்திருப்பார்கள். நன்றாக உறங்கி எழுந்து வந்து, மருந்துக்காகவும் குளியலுக்காகவும் போராட வேண்டிய நிலையின்றி, அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் அமர்ந்திருக்க உங்களால் முடியும். பராமரிப்பாளராகவே மாறிப்போன கணவர் மீண்டும் கணவராவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இந்த இல்லங்களின் பயன்களில் நான் பெரிதாக மதிப்பது அதைத்தான்.

கேள்வி: அமைதியாக வைத்திருக்க மயக்க மருந்து கொடுத்துவிடுவார்கள் என்கிறார்களே?

பதில்: நியாயமான அச்சம். மனநோய்க்கான சில மருந்துகள் மறதிநோய் உள்ள முதியவர்களின் இறப்பு அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2005ஆம் ஆண்டிலேயே எச்சரித்தது. தமக்கோ பிறருக்கோ ஆபத்து விளைவிக்கும் நிலை இருந்து, மற்ற வழிகள் பலன் தராதபோது மட்டும், மருத்துவர் சொல்லும் அளவில், குறுகிய காலத்துக்கு அவற்றைத் தரலாம். நேற்றுவரை அமைதியாக இருந்தவர் இன்று திடீரென்று கூச்சலிட்டால், நோய்த்தொற்றோ மலச்சிக்கலோ வலியோ இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். இப்படி முதலில் காரணம் தேடும் வழக்கம் உண்டா என்று இல்லத்தாரிடம் நேரடியாகக் கேளுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு என்னை அடையாளம் தெரிவதில்லை. பார்க்கப் போவதில் பயன் உண்டா?

பதில்: உண்டு. 2014ஆம் ஆண்டு அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அல்சைமர் நோயாளிகளுக்கு மகிழ்ச்சியும் சோகமும் தரும் திரைப்படத் துணுக்குகளைக் காட்டினார்கள். பார்த்தது மறந்துபோன பின்பும் அது தந்த உணர்வு அவர்களிடம் தங்கியிருந்தது. நீங்கள் வந்துபோனது அப்பாவுக்கு நினைவில் இல்லாவிட்டாலும், அதன் பிறகும் சற்று நேரம் அவர் இலேசான மனத்துடன் இருக்கக்கூடும்.

கேள்வி: இல்லத்தைத் தேர்ந்தெடுக்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: வரவேற்பறையின் அழகைப் பார்க்காதீர்கள். முன்கூட்டிச் சொல்லாமல், மாலை ஐந்து மணிவாக்கில் செல்லுங்கள். ஊழியர் நின்றபடி பேசுகிறாரா, குனிந்து கண்ணுக்கு நேரே பேசுகிறாரா என்று கவனியுங்கள். பின்னாளில் கற்ற மொழிகள் நழுவித் தாய்மொழி மட்டும் எஞ்சக்கூடும் என்பதால், உங்கள் உறவினரின் மொழி பேசுபவர் அங்கே இருக்கிறாரா என்று விசாரியுங்கள். அவருடைய வாழ்க்கையை இரண்டு பக்கங்களில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள்: செய்த தொழில், எழும் நேரம், பிடித்த பாட்டு, பயப்படும் பொருள். அதை வாங்கியவர் உங்கள் எதிரிலேயே படிக்கத் தொடங்கி, மேலும் இரண்டு கேள்விகள் கேட்டால், அந்த இல்லத்தை நம்பிச் சேர்க்கலாம்.