கடற்கரைக் கோயிலில் சக்ரீஸ்து வேலை: உப்பு ஈரமும் அப்பக் கணக்கும்

கேள்வி: ராமநாதபுரம் மாவட்டத்தில் கடற்கரை ஊர், கத்தோலிக்கக் கோயில். கோயில்பிள்ளைக்கு (கோயில் வேலைகளைக் கவனிப்பவர்) வயதாகிவிட்டதால் சக்ரீஸ்துவில் (பூசைப் பொருட்களை வைத்து ஆயத்தம் செய்யும் அறை) கூடமாட உதவ முடியுமா என்று பங்குத்தந்தை கேட்டிருக்கிறார். என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்? எங்கே தவறு வரும்?

பதில்:

பூசைக்கு எதை எங்கே எடுத்து வைப்பது என்பது இரண்டு மூன்று ஞாயிறு பக்கத்தில் நின்று பார்த்தாலே பிடிபட்டுவிடும். கடற்கரைக் கோயிலில் சிக்கல் வருவது வேறு இரண்டு இடங்களில். ஒன்று உப்பு ஈரம். மற்றொன்று, இன்றைக்கு எத்தனை பேர் கரையில் இருக்கிறார்கள் என்ற கணக்கு. இவற்றை யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை என்பதால் அதையே அதிகம் எழுதுகிறேன்.

முதலில் உங்கள் எல்லை. நன்மை (நற்கருணை) கொடுத்து முடிந்ததும் இரசக் கிண்ணத்திலும் அப்பம் வைக்கும் நற்கருணைப் பாத்திரத்திலும் தண்ணீர் ஊற்றித் தூய்மைப்படுத்துவது குருவானவரோ, திருத்தொண்டரோ, முறைப்படி ஏற்படுத்தப்பட்ட பீடத்துணைவரோ செய்ய வேண்டியது. நன்மை வழங்க உதவும் பொதுநிலையினருக்குக்கூட அந்த அனுமதி கிடையாது. அது முடிந்து உள்ளே வரும் பாத்திரங்களைக் கழுவித் துடைத்து வைப்பதில்தான் உங்கள் வேலை தொடங்குகிறது. முதல் மாதம் பூசைக்குப் பிந்தைய இந்த வேலையை மட்டும் கேட்டு வாங்குங்கள். எடுத்து வைப்பதில் தவறினால் பூசை நடுவில் எல்லோருக்கும் தெரியும். கழுவி வைப்பதில் தவறினால் அடுத்த பூசைக்குள் சரி செய்துகொள்ளலாம்.

கழுவுவதில் ஒரே விதி: நல்ல தண்ணீர். கிணறு உவர்ப்பாக இருக்கும் ஊரில் அந்தத் தண்ணீரில் அலசிய கிண்ணம் ஒரே வாரத்தில் புள்ளி விழும். குடத்தில் குடிதண்ணீர் தனியாகப் பிடித்து வையுங்கள். கழுவியதும் காற்றில் காயவிடாமல் உடனே பருத்தித் துணியால் துடைத்து, பருத்திப் பையில் போட்டுப் பூட்டுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் உள்ளேயே வியர்த்துப் பச்சை பிடிக்கும்.

புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பது பித்தளைக் குத்துவிளக்குக்கும் திரித் தண்டுக்கும் சரி. தங்க முலாம் பூசிய கிண்ணத்தில் அதைக் காட்டவே கூடாது. திருவிழாவுக்கு முந்தின நாள் யாராவது ஆர்வமாக வந்து எல்லாவற்றையும் ஒரே புளியால் விளக்கிவிடுவார்கள். அன்றைக்குப் பளபளக்கும். பிறகு முலாம் போன இடத்தில் அடி உலோகம் தெரிந்து, அங்கேயே களிம்பு ஏறும். கிண்ணத்தின் உட்புறத்தில் அப்படி ஆனால் மறுபடி முலாம் பூசும்வரை அதைப் பயன்படுத்த முடியாது. கிண்ணங்களைத் தனி அலமாரியில் வைத்து, அந்தச் சாவியைத் திருவிழா வாரத்தில் யாரிடமும் கொடுக்காமல் இருப்பதே வழி.

இனி அப்பம். கோதுமை மாவும் தண்ணீரும் தவிர வேறொன்றும் சேராமல் அண்மையில் செய்ததாக இருக்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். பெரும்பாலும் கன்னியர் மடத்தில் செய்து பாக்கெட்டாக வரும். நல்ல அப்பம் ஒடித்தால் சடக்கென்று ஒடியும். வளைந்தால் ஈரம் ஏறிவிட்டது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பிரித்த பாக்கெட்டை அப்படியே மேசையில் விட்டால் ஒரே வாரத்தில் துவண்டு, ஓரத்தில் பூசணமும் பிடிக்கும். இறுக மூடும் எவர்சில்வர் டப்பா வாங்குங்கள், பெரிதாக ஒன்றல்ல, சிறிதாக நாலு. ஒன்றைத் திறந்து தீர்த்த பிறகே அடுத்தது. ஈரம் உறிஞ்ச அரிசி முடிந்து போடும் பழக்கம் சில இடங்களில் உண்டு. வண்டு வரும், வேண்டாம்.

எண்ணிக்கைக்குச் சுலபமான வழி, ஒரு டம்ளரில் எத்தனை சிறிய அப்பம் பிடிக்கிறது என்று ஒரு தடவை எண்ணி டம்ளரின் அடியில் எழுதிவிடுவது. பிறகு டம்ளர் கணக்குத்தான். அளப்பதற்கு முன் பேழையில் (நற்கருணையைப் பூட்டி வைக்கும் பெட்டி) எவ்வளவு மீதி இருக்கிறது என்று குருவானவரிடம் கேளுங்கள். பேழையில் பழையது சேர்ந்துகொண்டே போவது கடற்கரையில் கெடுதல். அங்கேயும் ஈரம் ஏறும். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவையாவது பேழையில் உள்ளதை முடித்துப் புதிதாக வைக்கும்படி நினைவூட்டுவது உங்கள் பொறுப்பு.

எத்தனை பேர் வருவார்கள்? போன ஞாயிறு கணக்கை அப்படியே இந்த ஞாயிறுக்குப் போட்டால் தப்பும். ராமேஸ்வரம், பாம்பன் பக்கம் சனிக்கிழமை கடலுக்குப் போன விசைப்படகுகள் ஞாயிறு காலைதான் கரை திரும்பும். முதல் பூசையில் ஆண்கள் பக்கம் காலியாகக் கிடக்கும், அடுத்த பூசைக்குக் கொஞ்சம் பேர் வருவார்கள், மீன் இறக்கிய அலுப்பில் கொஞ்சம் பேர் தூங்கிவிடுவார்கள். பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினாலோ, கடலுக்குப் போக மீன்துறை டோக்கன் கொடுக்காவிட்டாலோ ஊரே வீட்டில் இருக்கும், அன்றைக்கு அதே பூசைக்கு ஒரு டம்ளர் கூடப் போட வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுக் குடும்பங்கள் மொத்தமாகக் கரையில். நாட்டுப்படகு ஊர்களில் அந்த வேறுபாடு தெரியாது. கச்சத்தீவு அந்தோணியார் திருவிழா நடக்கும் இரண்டு நாளும் தீவுப் பக்கத்துப் பங்குகளில் கூட்டம் குறையும். சனிக்கிழமை மாலை கடற்கரைப் பக்கம் ஒரு நடை போய்வந்தாலே பாதிக் கணக்கு தெரிந்துவிடும்.

திராட்சை இரசத்தில் கெடுதல் வெயிலால் வரும். திறந்த பாட்டில் சித்திரை வெக்கையில் அலமாரியில் நின்றால் புளித்துக் காடியாகிவிடும், காடியை வைத்துப் பூசை செய்ய முடியாது. சிறிய பாட்டிலாக வாங்கி, திறந்ததைப் பங்குத்தந்தை வீட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். ஊற்றும்போது முகர்ந்து பாருங்கள். இரசத்துக்கும் தண்ணீருக்கும் கண்ணாடிக் குப்பிகளே நல்லது. உலோகக் குப்பியில் எது எதுவென்று பீடச் சிறுவர்களுக்குத் தெரியாது. எறும்பு வராமல் இருக்கக் குப்பித் தட்டைத் தண்ணீர் ஊற்றிய பாத்திரத்தின்மேல் வைப்பார்கள், போதும்.

துணிகளுக்கு வருவோம். கார்ப்பரல் என்று சொல்லும் திருமேனித்துகில், அதாவது பீடத்தில் கிண்ணத்துக்கு அடியில் விரிக்கும் துணி, சதுரமானது. மூன்று மூன்றாக மடித்தால் பிரிக்கும்போது ஒன்பது கட்டம் தெரியும். மடிப்பு எப்போதும் உள்நோக்கியே இருக்க வேண்டும். முதலில் குருவின் பக்கம் இருக்கும் மூன்றிலொரு பங்கை மேலே மடித்து, எதிர்ப்பக்கத்தை அதன்மேல் போட்டு, பிறகு இரு பக்கமும். அப்பத் துகள் ஏதாவது இருந்தால் உள்ளேயே தங்குவதற்காகத்தான் இந்த முறை; அதனால் பூசை முடிந்ததும் அதை உதறாதீர்கள். கார்ப்பரலையும் கிண்ணம் துடைக்கும் துணியையும் முதலில் நல்ல தண்ணீரில் ஊறவைத்து அலசி, அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் விடாமல் மிதிபடாத மண்ணில், செடியின் அடியில் ஊற்ற வேண்டும். அதன் பிறகுதான் சோப்பு. கார்ப்பரலுக்குக் கஞ்சி போடலாம். கிண்ணம் துடைக்கும் துணிக்குப் போடக் கூடாது, போட்டால் ஈரத்தை உறிஞ்சாது. வெளியே கொடியில் காயப்போட்டால் கச்சான் காற்று வீசும் மாதங்களில் மணலும் உப்பும் படிந்து, இஸ்திரிப் பெட்டி போடும்போது மஞ்சளாகத் தெரியும். உள்ளறையில் மின்விசிறிக்குக் கீழே காயப்போடுங்கள். திருவுடைகளுக்கு அந்துருண்டையைவிட மாதம் ஒருமுறை அலமாரியைத் திறந்து நிழலில் காற்றாட விடுவது மேல். அந்துருண்டை நெடி பூசை முழுக்கக் குருவானவர் மூக்கில் இருக்கும்.

தூபக்காலில் கவனிக்க வேண்டியது சங்கிலி. உப்புக்காற்றில் வளையங்கள் இற்றுப்போகும். வெளியே பார்த்தால் தெரியாது. ஆட்டும்போது அறுந்து நெருப்போடு விழும். மாதம் ஒருமுறை ஒவ்வொரு வளையத்தையும் விரலால் இழுத்துப் பாருங்கள். கரி சிரட்டைக் கரியாக இருந்தால் நல்லது. ஈரக்கரி வெடித்துப் பொறி பறக்கும், பட்டுத் திருவுடையில் ஓட்டை விழுவது அப்படித்தான். பூசைக்குக் கால் மணி நேரம் முன்பே பற்றவைத்து, மேலே வெள்ளைச் சாம்பல் பூத்த பிறகே சாம்பிராணி. கறுப்பாக இருக்கும் கரியில் போட்டால் நறுமணத்துக்குப் பதில் கண்ணெரிச்சல்தான் மிஞ்சும்.

திருவுடை நிறம் பற்றி எல்லோரும் நாட்காட்டியைப் பார்த்துக்கொள்ளலாம். இங்கே தவறுவது உள்ளூர்ப் புனிதர்களிடம். ஓரியூரில் 1693 பிப்ரவரி 4 அன்று வெட்டுண்டு இறந்த அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) மறைசாட்சி, விசுவாசத்துக்காக உயிர் கொடுத்தவர், ஆகவே சிவப்பு. சந்தியாகப்பர் (யாக்கோபு, ஜூலை 25), இராயப்பர், சின்னப்பர் (பேதுரு, பவுல், ஜூன் 29) சிவப்பு. அந்தோணியாரும் சூசையப்பரும் (யோசேப்பு) வெள்ளை. சூசையப்பர் நாளான மார்ச் 19 தவக்காலத்தில் வரும். அன்றைக்கு ஊதாவுக்குப் பதில் வெள்ளை, பீடத்தில் பூவும் வைக்கலாம். மற்றத் தவக்கால நாட்களில், மகிழ்ச்சி ஞாயிறும் (தவக்காலத்தின் நான்காம் ஞாயிறு) பெருவிழாக்களும் விழாக்களும் தவிர, பீடத்தில் பூ கிடையாது. தங்கச்சிமடத்து மல்லிகை மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது கொண்டுவந்தால் கெபியில் (மாதா சுரூபக் குகை) வைக்கச் சொல்லுங்கள், மனம் நோகாது.

ஆண்டின் கடினமான பகுதி சாம்பல் புதன் முதல் பாஸ்கா (உயிர்ப்புப் பெருவிழா) வரை. சாம்பலுக்குப் பழைய குருத்தோலை வேண்டும். வீட்டு நிலையிலும் படகிலும் செருகியிருப்பவற்றை முந்தின ஞாயிறே கொண்டுவரச் சொல்லி அறிவிக்க வேண்டும். பனங்குருத்து நன்றாகக் காய்ந்திருந்தால் இரும்புச் சட்டியில் போட்டு எரித்து, கறுப்பாகும்போது மூடி அணைத்துவிடுங்கள். முழுக்க எரிந்து வெளுத்த சாம்பலில் தண்ணீர் ஊற்றிக் குழைத்தால் காரமாகி நெற்றி எரியும், குழந்தைகளுக்குத் தோல் சிவக்கும். கறுப்புச் சாம்பலை மெல்லிய துணியில் சலித்து, உலர்வாகவோ ஓரிரு சொட்டு எண்ணெயோடோ வையுங்கள்.

பெரிய வியாழன் பூசையில் நற்கருணையாக்கும் அப்பம் இரண்டு நாளுக்கானது, வெள்ளிக்கிழமை பூசையே இல்லை. எங்கள் கரையோர ஊர்களில் பெரிய வெள்ளிக்குப் பெரும்பாலும் படகு இறக்குவதில்லை, வியாழனைவிட வெள்ளிக்குக் கூட்டம் அதிகம். வியாழன் கூட்டத்தைப் பார்த்து அளந்தால் வெள்ளியன்று அப்பத்தைத் துண்டு துண்டாக ஒடிக்க நேரும். பாஸ்கா ஞாயிறு மார்ச் 22 முதல் ஏப்ரல் 25 வரை எந்த நாளிலும் வரலாம். 2025இல் ஏப்ரல் 20, அதாவது தடைக்காலத்துக்குள். 2027இல் மார்ச் 28, படகுகள் கடலில் இருக்கும் காலம். இந்த வேறுபாட்டை மெழுகுதிரி வாங்கும்போதே கணக்கில் எடுங்கள்.

பாஸ்கா இரவில் காற்றுதான் எதிரி. புது நெருப்பைக் கோயிலுக்குக் கடல் இல்லாத பக்கம் மூட்டுங்கள். மண்ணெண்ணெய் வேண்டாம், நாற்றமும் அடிக்கும், குபீரென்று எழும்பிக் குருவின் உடுப்பைப் பிடிக்கும். தேங்காய் மட்டையும் சிரட்டையும் போதும். பாஸ்கா திரி என்ற பெரிய மெழுகுதிரியை ஏற்றியதும் அதே நெருப்பிலிருந்து ஒரு கண்ணாடி விளக்கையும் ஏற்றி ஒருவர் கையில் கொடுத்துவிடுங்கள். வாசலில் திரி அணைந்தால் தீப்பெட்டி தேடாமல் அந்த நெருப்பிலிருந்தே ஏற்றலாம். திரியில் ஆண்டு எண்ணும் ஐந்து சாம்பிராணி மணிகளும் சரியாக இருக்கின்றனவா என்று மதியமே பாருங்கள். பெந்தகோஸ்து முடிந்ததும் அதைத் திருமுழுக்குத் தொட்டிப் பக்கம் படுக்கவைக்காமல் நிறுத்தி வையுங்கள். அடக்கப் பூசைக்கு அது சவப்பெட்டி அருகே வேண்டும். கடற்கரையில் சாவுச் செய்தி நேரம் பார்த்து வராது.

தடை முடியும் ஜூன் 14க்கு முந்தின நாள் அந்தோணியார் திருநாள். அந்த இரண்டு நாளும் படகு மந்திரிப்புக்கு (ஆசீர்வாதத்துக்கு) வரிசையாக ஆள் வருவார்கள். பித்தளைத் தீர்த்தக் குவளையை எடுத்துக்கொண்டு கடற்கரையில் அலைந்தால், உப்பு மந்திரித்துச் சேர்த்த தீர்த்தமும் கடல் காற்றும் சேர்ந்து தெளிப்பானின் துளையை அடைத்துவிடும். திரும்பி வந்ததும் மீதித் தீர்த்தத்தை வேறு பாத்திரத்துக்கு மாற்றி, குவளையை நல்ல தண்ணீரில் அலசிக் கவிழ்த்து வையுங்கள்.

யாருக்காக, எதற்காகப் பூசை என்று எழுதி வாங்கும் பூசைக் கருத்து நோட்டை அலட்சியமாக நினைக்காதீர்கள். பங்கில் மனஸ்தாபம் அதிகம் கிளம்புவது இதில்தான். ஊரில் ஒரே பெயரில் நாலு அந்தோணி இருப்பார்கள். தகப்பன் பெயரையோ படகுப் பெயரையோ சேர்த்து எழுதி, கொடுத்தவரிடமே வாசித்துக் காட்டுங்கள். காணிக்கை வாங்கிய ஒவ்வொரு கருத்துக்கும் தனிப் பூசை செய்ய வேண்டும் என்பது சட்டம் என்பதால், நாள் நிரம்பியிருந்தால் நீங்களாகச் சேர்த்து எழுதாமல் பங்குத்தந்தையிடம் அனுப்புங்கள். படகு கரை திரும்பாத நாளில் மன்றாட்டில் அவர்கள் பெயரைச் சேர்க்கும் முன், வீட்டாருக்கு விருப்பமா என்று அன்பியப் (பங்கின் சிறு குடும்பக் குழு) பொறுப்பாளர் மூலம் கேட்டுவிடுங்கள்.

பீடச் சிறுவர்கள் உடுப்பு மாற்றும்போது சக்ரீஸ்து கதவு திறந்தே இருக்கட்டும், ஒரு பிள்ளையோடு தனியாக உள்ளே இருக்காதீர்கள். மைக் கம்பியின் முனையில் உப்புப் பூத்துக் கரகரக்கும், உதிரிக் கம்பி ஒன்று கையிருப்பில் வேண்டும். பேழைச் சாவி கதவிலேயே தொங்குவதும், சுவரில் ஆணியில் மாட்டி வைப்பதும் பல கோயில்களில் பார்க்கலாம், இரண்டும் தவறு. அதைப் பூட்டிய பெட்டியில் வைத்து, பெட்டிச் சாவி பங்குத்தந்தையிடம் ஒன்று, அவர் சொல்லும் ஒருவரிடம் ஒன்று என்று இருக்க வேண்டும். அந்த ஒருவர் நீங்களா, கோயில்பிள்ளையா என்பதை வேலையை ஏற்கும் அன்றைக்கே கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.