அலைன்மென்ட் ஓகே என்கிறார்கள், பின் டயர் மட்டும் ஏன் உள்பக்கம் தேய்கிறது?

2004 மாடல் மாருதி எஸ்டீம் கார், புது டயர் போட்டு 8,000 கிலோமீட்டர்கூட ஓடவில்லை, பின்னால் இரண்டும் உள்பக்கம் மொட்டை, அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) பார்க்கும் கடையில் "எல்லாம் ஓகே" என்கிறார்கள். இதுதானே உங்கள் கேள்வி? என்னிடம் இருப்பதும் எஸ்டீம்தான், உங்களுடையதைவிட ஒரு வயது மூத்தது. அதே "ஓகே" சீட்டு மூன்று என் டேஷ்போர்டு பெட்டிக்குள் கிடக்கிறது.

முதலில் அந்தச் சீட்டை எடுத்துப் பின் சக்கரத்துக்கு எண் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பல இடங்களில் முன்பக்கத்தை மட்டும் சரி செய்துவிட்டு, "பின்னாடி அட்ஜஸ்ட்மென்ட் கிடையாது சார்" என்று அனுப்பிவிடுவார்கள். ஸ்விஃப்ட் மாதிரி, பின் சக்கரம் இரண்டையும் ஒரே இரும்பு பீம் இணைக்கும் டார்ஷன் பீம் வண்டிக்கு அந்தப் பேச்சு சரி. எஸ்டீமில் பின் சக்கரங்கள் தனித்தனியே ஸ்ட்ரட்டில் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த கால்) நிற்கின்றன. சக்கரத்தைப் பிடித்திருக்கும் கண்ட்ரோல் ராடின் உள்முனையில் இருக்கும் கேம் போல்டைத் (மையம் விலகிய வட்டு கொண்ட போல்டு) திருப்பினால் டோ மாறும். டோ என்றால், மேலிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு.

என் வண்டியில் தேய்மானம் கண்ணில் படும் முன்பே சத்தம் வந்துவிட்டது. திருமங்கலம் தாண்டி நாலுவழிச் சாலையில் எழுபதைத் தொட்டால் பின்னாலிருந்து 'ஊஊ' என்று ஒரு இரைச்சல். வீல் பேரிங் என்றார் மெக்கானிக். இரண்டு பக்கமும் மாற்றினேன். இரைச்சல் அப்படியே இருந்தது. அப்புறம் பஞ்சர் ஒட்டப் போன இடத்தில் ஒரு பெரியவர், "தம்பி, கையை வச்சுப் பாருங்க" என்றார். டயரின் குறுக்கே, உள்ளிருந்து வெளியே தடவினேன், வழவழவென்று போனது. திருப்பித் தடவினால் பட்டன் (டயர் மேலுள்ள ரப்பர்க் கட்டை) ஒவ்வொன்றும் ரம்பப் பல் போல விரலைப் பிடித்தது. முன் டயரையும் பின் டயரையும் இடம் மாற்றிப் போட்டார். வீடு திரும்பும்போது இரைச்சல் என் காலடியில் கேட்டது. பேரிங் காசு போனது போனதுதான்.

அந்த ரம்பப் பல் வந்தால் சந்தேகம் டோ மேல்தான். உள்விளிம்பு தேய்ந்து, ஆனால் எந்தப் பக்கம் தடவினாலும் வழவழப்பு என்றால் கேம்பரை, அதாவது முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் அளவைப் பார்க்க வேண்டும். சுற்றளவில் விட்டு விட்டுக் குழி இருந்தால் ஷாக் அப்சார்பர். பழைய வண்டியில் இந்த மூன்றும் கூட்டணி சேர்ந்தும் வரும்.

டோவை வீட்டு வாசலிலேயே நூல் கட்டி அளக்கலாம். தரை சமமாக இருக்க வேண்டும், ஸ்டியரிங் நேராக இருக்க வேண்டும். வண்டியின் இரண்டு பக்கமும் ஸ்டாண்டு வைத்து, சக்கரத்தின் மையத்தை ஒட்டிய உயரத்தில் நூலை இழுத்துக் கட்டுங்கள். இரண்டு நூலும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கட்டும். முன் ஹப்பிலிருந்து (சக்கரத்தின் நடுப்பகுதி) நூல் வரை உள்ள தூரம் இரு பக்கமும் ஒன்றாக வர வேண்டும், பின் ஹப்பிலும் அப்படியே. பிறகு பின் ரிம்மின் முன் விளிம்பையும் பின் விளிம்பையும் நூலிலிருந்து ஸ்கேல் வைத்து அளந்தால் போதும்.

எனக்கு இடது பக்கம் முன் விளிம்பு, பின் விளிம்பைவிட 3 மி.மீ. நூலுக்குக் கிட்டே இருந்தது. அதாவது சக்கரம் வெளியே பார்க்கிறது. 13 அங்குல ரிம்மில் 3 மி.மீ. என்றால் கிட்டத்தட்ட அரை டிகிரி. கேட்க ஒன்றுமில்லாதது போலத்தான் இருக்கும். ஆனால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அந்த டயர் சுமார் 9 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. எந்த ரப்பர் தாங்கும்?

வண்டியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிவிட்டு மறுபடி அளந்தேன். 1 மி.மீ.தான் வந்தது! முன்னால் தள்ளினால் திரும்ப 3. எனக்கு விஷயம் பிடிபட்டது அப்போதுதான். போல்டு ஒரே இடத்தில் இருக்க, அளவு மட்டும் மாறுகிறது என்றால் நடுவில் ஏதோ ஆடுகிறது. மெஷின் பார்ப்பது நிற்கிற வண்டியை, தேய்வது ஓடுகிற வண்டியில்.

ஜாக் ஸ்டாண்டு கொடுத்து (வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள்) கண்ட்ரோல் ராடு, சஸ்பென்ஷன் ஆர்ம் புஷ்களில் (இணைப்புகளில் இருக்கும் ரப்பர் உறைகள்) லீவர் போட்டு நெம்பிப் பாருங்கள். என் வண்டியில் இடது ராடின் உள் புஷ் ரப்பர், இரும்புக் குழாயை விட்டுப் பிரிந்து தனியே ஆடியது. இருபது வருட ரப்பர், அதைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது.

கழற்றும் முன் கேம் நிற்கும் இடத்தில் பெயின்ட்டால் ஒரு கோடு போடுங்கள். போல்டு துருப்பிடித்து உறைந்திருக்கும். முந்தின நாளே துரு நீக்கும் ஸ்பிரே அடித்து ஊற விடுங்கள். புது புஷ் போட்டதும் வண்டி தூக்கி நிற்கும்போதே போல்டை முழுக்க முடுக்கினால் புஷ் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். எடை முழுவதும் சக்கரத்தில் இறங்கிய பிறகுதான் கடைசி முடுக்கு. கடையில் இதைப் பக்கத்தில் நின்று சொல்லுங்கள், அவசரத்தில் இருப்பார்கள்.

எல்லாம் முடிந்த பிறகு நான்கு சக்கர அலைன்மென்ட், அதில் பின்பக்கம் முதலில். பின் சக்கரங்கள் கோணலாக இருந்தால் வண்டி நேராகப் போகும்போதும் ஸ்டியரிங் ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கும். முன்னால் எத்தனை தடவை திருகினாலும் அது சரியாகாது.

பழைய டயரின் இரைச்சல் இதனால் நின்றுவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். ரம்பம் ரம்பம்தான். பட்டன் ஆழம் உள்விளிம்பிலும் 1.6 மி.மீ.க்கு மேல் நல்லபடியாக இருந்தால் ஒன்றை ஸ்டெப்னியாக வைத்துக்கொண்டு, பின்னால் புது ஜோடி போடுங்கள்.