டேப் பிடிக்கும் பையன்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். மகளை வீட்டிலேயே படிக்க வைத்ததைப் பற்றி நீங்கள் முன்பு எழுதியதைப் படித்த தைரியத்தில்தான் நாங்களும் எங்கள் மகனை மூன்றாம் வகுப்போடு பள்ளியிலிருந்து நிறுத்தினோம். இப்போது அவனுக்குப் பதினான்கு நடக்கிறது. இதுவரை பயம் இருந்ததில்லை. இப்போது ராத்திரி தூக்கம் வருவதில்லை.

தேசியத் திறந்தநிலைப் பள்ளி என்கிற என்.ஐ.ஓ.எஸ்.ஸில் சேர்ப்பதா, தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுத வைப்பதா என்று முடிவு செய்ய முடியவில்லை. நான்கு வருடத்துக்கும் எக்செல்லில் திட்டம் போட்டிருக்கிறேன். காலை 6.30க்கு ஆரம்பித்து இரவு 8.45 வரை. ஒரு வாரம்கூட அதன்படி நடக்கவில்லை. கணக்கு சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தால் சண்டையில்தான் முடிகிறது. பக்கத்து வீட்டில் ரிட்டயர்டு சர்வேயர் ஐயா ஒருவர் இருக்கிறார். அவரோடு வயல் வயலாகப் போய் டேப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். லிங்க்ஸ், சென்ட் என்று என்னவோ பேசுகிறான். இங்கே ஜியாமெட்ரி பாடம் அப்படியே கிடக்கிறது.

பதினொன்று, பன்னிரண்டு மட்டும் அரசுப் பள்ளியில் சேர்த்தால், கல்லூரிச் சேர்க்கையில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று இருக்கும் 7.5 சதவீத ஒதுக்கீடு கிடைக்குமா என்று என் கணவர் கேட்கிறார். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் மந்தை மாதிரி ஆகிவிடுகிறார்கள், மறுபடி அங்கே தள்ள எனக்கு மனமில்லை. அவன் எதிர்காலத்தோடு விளையாடுகிறோமா அக்கா?

ச.

*

அன்புள்ள ச.,

உங்கள் கடிதம் வந்தபோது நான் உ.வே.சாமிநாதையரின் ‘என் சரித்திர’த்தை மறுபடி எடுத்து வைத்திருந்தேன். அதில் அவருடைய அப்பா வரும் பக்கங்களில் நின்றுபோயிருந்தேன். அதனால்தான் உடனே எழுதுகிறேன். இல்லாவிட்டால் இந்த மாதிரிக் கடிதங்களுக்குத் தனியாக இரண்டு வரி எழுதி அனுப்பிவிடுவேன்.

முதலில் கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். என்.ஐ.ஓ.எஸ்.ஸில் பத்தாம் வகுப்புக்குச் சேர 14 வயது முடிந்திருக்க வேண்டும். ஐந்து பாடம் போதும், அதில் ஒன்றாவது மொழிப்பாடம். தமிழையும் எடுக்கலாம். வருடத்துக்கு இரண்டு முறை தேர்வு, ஏப்ரலிலும் அக்டோபரிலும். பதிவு ஐந்து வருடம் செல்லும், அதற்குள் ஒன்பது வாய்ப்பு. ஐந்தையும் ஒரே மூச்சில் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. என் மகள் முதல் தடவை மூன்று எழுதினாள், ஒன்றில் தவறினாள், அக்டோபரில் மிச்சத்தோடு சேர்த்து எழுதினாள். வீட்டில் யாரும் அழவில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். பத்து முடித்து இரண்டு வருட இடைவெளி இருந்தால்தான் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் கிடைக்கும். அந்தக் கணக்கைத் தவறவிட்டுப் பிள்ளையின் ஒரு வருடத்தை வீணாக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். நம் மாநிலத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதுவதென்றால் பதினான்கரை வயது ஆகியிருக்க வேண்டும், அறிவியல் செய்முறை வகுப்புக்கு முன்கூட்டியே பெயர் கொடுத்துப் போய்வர வேண்டும். அப்புறம், எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரி என்று மனதில் ஏதாவது இருந்தால் அதன் சேர்க்கை விதியை இப்போதே எடுத்துப் படியுங்கள். திறந்தநிலையில் படித்தவர்கள் நீட் எழுதக்கூடாது என்றுகூட ஒரு விதி இருந்தது, 2018இல் டெல்லி உயர் நீதிமன்றம் அதை நீக்கியது. விதிகள் மாறும். நீங்கள்தான் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இவ்வளவுதான். ஒரு நாள் உட்கார்ந்து படித்தால் தெரிந்துகொள்ளக்கூடிய விஷயங்கள் இவை. இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

7.5 சதவீதம் பற்றி உங்கள் கணவரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். அது ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்காக வந்தது. மருத்துவத்தில் 2020 முதல், பொறியியல் போன்ற படிப்புகளில் 2021 முதல் இருக்கிறது. கடைசி இரண்டு வருடம் போய் உட்கார்ந்தால் கிடைக்காது. கிடைக்கவும் கூடாது. விடிகாலையில் அம்மாவோடு பூப்பறித்துவிட்டு, எட்டரைக்குப் பள்ளிக்கூடத்துக்கு ஓடும் பெண்ணின் இடம் அது. எக்செல்லும் இணையமும் இருக்கிற வீட்டிலிருந்து அதற்குக் கை நீட்டலாமா?

அதே மூச்சில் ‘மந்தை’ என்று ஒரு சொல்லும் எழுதியிருக்கிறீர்கள். அந்த இடத்தில் எனக்குக் கோபம் வந்தது. என் அம்மா ஐந்தாம் வகுப்பு வரை போனவர். பெரிய மனுஷி ஆனதும் வீட்டில் நிறுத்திவிட்டார்கள். வாசல் வழியாகத் தோழிகள் பையை மாட்டிக்கொண்டு போகும் நேரத்தில் அம்மா கொல்லைப்பக்கம் போய் நின்றுகொள்வாராம், பார்க்கக்கூடாது என்று. எழுபது வயதிலும் அதைச் சொல்லும்போது குரல் மாறிவிடும். நம் ஊரில் ‘வீட்டில் வைத்துக்கொள்வது’ என்றால் நீண்ட காலம் அதுதான் அர்த்தம். நீங்களும் நானும் பிள்ளையைப் பள்ளியிலிருந்து எடுக்க முடிந்ததே, நமக்கு முந்தைய தலைமுறை பள்ளிக்குப் போய் நமக்கு ஒரு பிடிப்பை உண்டாக்கிக் கொடுத்ததால்தான். உங்கள் பிள்ளைக்குப் பள்ளி ஒத்துவரவில்லை, எடுத்தீர்கள், சரி. பள்ளிக்குப் போகிற பிள்ளைகளை இழிவாகப் பேசாதீர்கள். அதைவிட முக்கியம், உங்கள் மகன் காதில் விழும்படி பேசவே பேசாதீர்கள். நாளைக்கு அவன் அந்தப் பிள்ளைகளோடுதான் கல்லூரியில் உட்காரப் போகிறான்.

திட்டிவிட்டேன். இனி நான் உண்மையில் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

உ.வே.சா.வின் அப்பா வேங்கடசுப்பையர் சங்கீதக்காரர். கதை சொல்லி, பாடி, ஊர்ப் பெரியவர்கள் கொடுப்பதில் குடும்பம் நடந்தது. மகனும் சங்கீதத்தில் வர வேண்டும் என்பது அவர் ஆசை. மகனுடைய மனமோ தமிழில் கிடந்தது. அந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா? தமிழ் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிற ஊரைத் தேடித் தேடிக் குடும்பத்தையே கொண்டுபோனார். அரியலூர், குன்னம், கார்குடி, செங்கணம். ஒரு ஊரில் ஒருவரிடம் கொஞ்சம் நன்னூல், இன்னொரு ஊரில் இன்னொருவரிடம் கொஞ்சம் காரிகை என்கிற யாப்பிலக்கணம். அவர்களுக்குத் தெரிந்தது தீர்ந்ததும் அடுத்த ஊர். கடைசியில் 1871இல் பையனை மாயூரத்துக்கு அழைத்துப்போய் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் ஒப்படைத்தார். பையனுக்கு அப்போது பதினாறு, பதினேழு வயது.

சின்ன வயதில் நான் அந்தப் புத்தகத்தைப் படித்தபோது பிள்ளையவர்கள் மட்டும்தான் கண்ணில் பட்டார். இப்போது படிக்கும்போது அந்த அப்பாதான் கண்ணை நிறைக்கிறார். தனக்குத் தெரிந்த வித்தையை மகன் தலையில் கட்டப் பார்த்தவர்தான். ஆனாலும் தன்னால் கொடுக்க முடியாததை மகன் கேட்கிறான் என்று தெரிந்ததும், கொடுக்கக்கூடியவர் யார் என்று தேடிக் கால் தேய நடந்தார். கையில் காசில்லாத நிலையில் நடந்தார். மாயூரத்தில் பையனை விட்டுவிட்டுத் திரும்பியும் போனார். ச., அந்தத் திரும்பிப் போதல் எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும்.

என் மகளுக்குப் பதினான்கு வயதானபோது நானும் உங்களைப் போலத்தான் இருந்தேன். எக்செல் இல்லை, சுவரில் ஒட்டிய காலண்டர் தாள். இயற்பியலில் மின்சாரம் என்ற பாடத்தை நானே படித்து, நானே குறிப்பெடுத்து, சாப்பாட்டு மேஜையில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுப்பேன். அவள் கேள்வியே கேட்பதில்லை. நான் சொல்வதை அப்படியே எழுதுவாள். ஒரு நாள் நோட்டை எடுத்துப் பார்த்தால், ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் நான் எத்தனை தடவை ‘புரிஞ்சுதா’ என்று கேட்டேன் என்று கோடு போட்டு எண்ணி வைத்திருந்தாள். ஒரே பக்கத்தில் பதினேழு கோடு. சண்டை போட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

எங்கள் தெருமுனையில் ஒரு மோட்டார் பட்டறை. கோயமுத்தூரில் தெருவுக்குத் தெரு உண்டு. எரிந்துபோன பம்ப் மோட்டாருக்குக் ‘காயில்’ என்கிற கம்பிச்சுருளைக் கட்டிக் கொடுப்பார்கள். எங்கள் வீட்டு மோட்டார் ஓடாமல் உறுமிக்கொண்டே நின்றதால் அதைத் தூக்கிக்கொண்டு போகும்படி மகளிடம் சொன்னேன். போனவள் இரண்டு மணி நேரம் வரவில்லை. மறுநாளும் போனாள். என்ன பாக்கிறே அங்கே என்றால், “கெப்பாசிட்டர் போயிருச்சும்மா. ஸ்டார்டிங் காயிலுக்குக் கரண்டை முன்னப்பின்ன தள்ளிக் குடுக்கறதே அதுதான். அது இல்லாம மோட்டாருக்கு எந்தப் பக்கம் சுத்தறதுன்னே தெரியாது. கையால ஒரு சுத்து விட்டா, விட்ட பக்கமே ஓடுது” என்றாள். மூன்று வாரமாக நான் மேஜையில் வைத்து மாரடித்த பாடம் அது.

அவளைக் காயில் சுற்ற விட்டார் அந்தப் பட்டறைக்காரர். அச்சில் எனாமல் கம்பியைச் சுற்றிக்கொண்டே மனதுக்குள் எண்ண வேண்டும். எண்ணிக்கை தவறினால் அந்தக் காயில் உதவாது. ஒரு நாள் நான் வாசலில் நின்று பார்த்தேன். அவள் சுற்றி முடித்துக் கொடுத்ததை வாங்கி, விரலால் தடவிப் பார்த்து, ஒன்றுமே சொல்லாமல் முழுக்க அவிழ்த்துப் போட்டார். நான் நோட்டில் ஒரு வரியை அடித்தால் மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிற பெண், “மறுபடி சுத்தறேனுங்கண்ணா” என்று உட்கார்ந்துகொண்டாள். எனக்குப் பொறாமையாக இருந்தது. அழுகையும் வந்தது. அன்றைக்குச் சாயங்காலம் காலண்டர் தாளைக் கிழித்தேன்.

அவள் மின்பொறியியல் படிக்கவில்லை. பிற்பாடு படித்தது வணிகவியல். அந்த ஒன்றரை வருடத்தில் அவள் வாங்கிக்கொண்டது மின்சாரம் மட்டுமில்லை என்பதால் சொல்கிறேன். ஒரு வேலை எப்போது முடிகிறது, எப்போது முடிந்த மாதிரி இருக்கிறது என்ற வித்தியாசத்தை அவள் அங்கேதான் கற்றாள். பத்தாம் வகுப்புக்குத் தானே பாடத்தைப் பிரித்து, தானே தேதி குறித்துப் படித்தாள். நான் குறித்த தேதி எதுவும் அதில் இல்லை.

பத்துப் பன்னிரண்டு வயது வரை தாய் தகப்பன் சொல்லிக்கொடுத்தால் பிள்ளை வாங்கிக்கொள்கிறது. அதற்கு மேல் வேறு ஒரு பெரியவர் வேண்டும். சம்பளத்துக்கு வரும் டியூஷன் வாத்தியாராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. தன் தொழில் முழுக்கத் தெரிந்தவராக, நம் பிள்ளை மேல் நமக்கிருக்கும் பயம் இல்லாதவராக இருக்க வேண்டும். நம் பயம்தான் நாம் சொல்லும் ஒவ்வொரு கணக்கிலும் ஒட்டிக்கொண்டு போகிறது. பிள்ளை கணக்கைத் தள்ளவில்லை, அந்தப் பயத்தைத்தான் தள்ளுகிறான். பள்ளிக்கூடம் அந்த வேறு பெரியவர்களை ஏழெட்டுப் பேராகத் தானாகவே கொடுத்துவிடுகிறது. கூடவே சேர்ந்து படிக்கத் தோழர்களையும் கொடுக்கிறது. பிள்ளையவர்களிடம் உ.வே.சா.வுக்குச் சவேரிநாத பிள்ளை கிடைத்தது போல. பள்ளியை வேண்டாம் என்று சொன்ன நாம்தான் அவர்களைத் தேடிப் போக வேண்டும். வீட்டிலிருந்து படிக்க வைப்பவர்களுக்கு ஒன்பதாம் வகுப்புக்கு மேல் இருக்கிற ஒரே பெரிய வேலை அது. மிச்சமெல்லாம் விண்ணப்பப் படிவம்.

நீங்களோ காலை 6.30 முதல் இரவு 8.45 வரை எல்லாப் பாடத்துக்கும் நீங்களே வாத்தியார் என்று போட்டு வைத்திருக்கிறீர்கள். எந்தப் பள்ளிக்கூடத்திலும் ஒரே வாத்தியார் பதினான்கு மணி நேரம் பிள்ளையின் தலைமாட்டில் நிற்பதில்லை.

இதில் எனக்கு ஆற்றாமை எது தெரியுமா? நான் தெருமுனையில் தற்செயலாகக் கண்டதும், அந்த ஏழை சங்கீதக்காரர் ஊர் ஊராக நடந்து தேடியதும் உங்கள் பக்கத்து வீட்டிலேயே இருக்கிறது. அதைக் குறையாக எழுதியிருக்கிறீர்கள். டேப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், ஜியாமெட்ரி அப்படியே கிடக்கிறது என்று. சர்வேயர் வயலில் என்ன செய்கிறார் என்று ஒரு நாளாவது போய்ப் பார்த்தீர்களா? வளைந்து நெளிந்து போகிற வரப்புக்கு நடுவே ஒரு நேர்கோடு பிடிப்பார். அந்தக் கோட்டிலிருந்து வரப்பின் ஒவ்வொரு முடக்குக்கும் செங்குத்தாக அளப்பார். கோணல் மாணலான நிலம் முக்கோணமும் சரிவகமுமாகப் பிரிந்துவிடும். தனித்தனியாகப் பரப்பு கண்டு கூட்டினால் நிலத்தின் அளவு வந்துவிடும். லிங்க்ஸ் என்று உங்கள் மகன் சொல்வது பழைய அளவைச் சங்கிலியின் கணு. 66 அடிச் சங்கிலியில் 100 லிங்க்ஸ். 1000 சதுர லிங்க்ஸ் ஒரு சென்ட், 100 சென்ட் ஒரு ஏக்கர். உங்கள் மேஜையில் கிடக்கிற பாடம் வயலில் நடந்துகொண்டிருக்கிறது. அங்கே அரை அடி தவறினால் இரண்டு பங்காளிகள் அடித்துக்கொள்வார்கள் என்று அவனுக்குத் தெரியும். அதனால் கவனமாகப் பிடிக்கிறான்.

ஒன்று செய்யுங்கள். நல்ல நாள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்து நீங்களும் உங்கள் கணவரும் மகனைக் கூட்டிக்கொண்டு சர்வேயர் ஐயா வீட்டுக்குப் போங்கள். “இத்தனை நாள் சும்மா உங்க பின்னாடி சுத்திக்கிட்டிருந்தான், இனி நீங்க சொல்லிக் குடுக்கணும் ஐயா” என்று கேளுங்கள். பழைய புலப்படம், அதாவது நிலத்தின் அளவு குறித்த வரைபடம், ஏதாவது அவரிடம் இருக்கும், பையனுக்கு அதைப் படிக்கச் சொல்லித் தருவார். கணக்குப் புத்தகத்தை அவனே எடுத்துக்கொண்டு போகிறானா என்று ஒரு மாதம் பாருங்கள். வாயைத் திறக்காமல் பாருங்கள்.

14 முடிந்ததும் பதிவு செய்யும்போது எந்த ஐந்து பாடம் என்று அவனையே எழுதித் தரச் சொல்லுங்கள். அவன் எழுதியதை எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்,
அக்கா