ஏழடிப் பலகையில் ஒரு தீவன ஆலை

கேள்வி: சுவரோரம் 7 அடி நீளம், ஒன்றரை அடி அகலத்தில் எச்.ஓ. (1:87) மாடல் ரயில் அமைக்கிறேன். ஆலை ஒன்று வைத்தேன். ஆனாலும் ரயில் போய் வருவதோடு வேலை முடிந்துவிடுகிறது. அசல் ஆலை சைடிங்போல (சரக்கு ஏற்றி இறக்கும் பக்கத் தடம்) இயக்க என்ன வழி?

பதில்: கட்டடம் அப்புறம். எந்த வேகன் எந்தக் கதவுக்கு நேரே நிற்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். 1960-களின் அமெரிக்கக் கால்நடைத் தீவன ஆலையை எடுத்துக்கொள்வோம். மூன்று வேகன் நிற்கும் சைடிங். கோடியில் சோயாப் புண்ணாக்கு கொட்டும் குழி, நடுவில் மொலாசஸ் (சர்க்கரைப் பாகுக் கழிவு) குழாய், வாசல் பக்கம் மூட்டை ஏற்றும் மேடை. குழிமேல் நிற்கும் ஹாப்பர் (அடியில் திறந்து கொட்டும் வேகன்) காலியானால் முன்னால் நிற்கும் இரண்டையும் சேர்த்துத்தான் வெளியே இழுக்க முடியும். ஹாப்பரைக் கழற்றி வைத்துவிட்டு, பாதி இறக்கிய டேங்கரையும் பாதி ஏற்றிய பாக்ஸ்காரையும் (மூடிய சரக்கு வேகன்) பழைய இடத்திலேயே திரும்ப நிறுத்த வேண்டும். பலர் இந்தத் திரும்ப நிறுத்தும் வேலையைத்தான் விட்டுவிடுகிறார்கள். ஆலை உயிர்பெறுவதே அதில்தான்.

தடத்துக்கு பிரிட்டிஷ் மாடல் ரயில் கலைஞர் ஆலன் ரைட் வகுத்த இங்கிள்நூக் என்ற ஷண்டிங் புதிர் அமைப்பு போதும்: இரண்டு பாயிண்ட் (தடம் பிரியும் இடம்), 5, 3, 3 வேகன் கொள்ளும் மூன்று சைடிங், எஞ்சினும் 3 வேகனும் மட்டுமே கொள்ளும் ஷண்டிங் நெக் (வேகன்களை இழுத்து மாற்றி நிறுத்த எஞ்சின் முன்பின் போகும் முட்டுத் தடம்). 40 அடி பாக்ஸ்காரின் மாடல் கப்ளிங்கோடு (வேகன்களை இணைக்கும் கொக்கி) சுமார் 15 செ.மீ. வரும். நெக் 61, பீக்கோ நிறுவனத்தின் சிறு பாயிண்ட் இரண்டுக்கு 37, நீள சைடிங் 75, பக்கத்துத் தடத்து வேகன் உரசாமலிருக்க 10. ஆக 183 செ.மீ. உங்கள் பலகை 213. மீதியை பஃபருக்கு (தடத்தின் முடிவில் வைக்கும் தடுப்பு) விடுங்கள், நெக்கை நீட்டாதீர்கள். நீட்டினால் யோசிக்க வேண்டிய அவசியமே போய்விடும். மொத்தம் 8 வேகன், அதற்கு மேல் ஒன்றுகூட வேண்டாம்.

ஷண்டிங்கில் எஞ்சின் மெதுவாகப் போவதால் சின்னக் குறைகூடப் பெரிதாகத் தெரியும். பிளாஸ்டிக் ஃபிராக் (பாயிண்டில் தண்டவாளங்கள் குறுக்கிடும் முனை) மேல் குட்டை எஞ்சின் கரன்ட் இல்லாமல் நின்றுவிடும். உலோக ஃபிராக் வாங்கி, பாயிண்ட் திரும்பும்போதே அதன் மின்துருவமும் மாறும்படி சுவிட்ச் வழியாக இணையுங்கள். எடை குறைந்த வேகன் தள்ளும்போது தடம் புரளும். என்.எம்.ஆர்.ஏ. (அமெரிக்காவின் தேசிய மாடல் ரயில் சங்கம்) பரிந்துரை 28 கிராமோடு, நீளத்தில் அங்குலத்துக்கு 14 கிராம். 6 அங்குல வேகனுக்கு ஏறக்குறைய 113 கிராம். உள்ளே வாஷர் ஒட்டிச் சரிசெய்யலாம். எல்லா கப்ளிங்கும் ஒரே உயரமா என்று கேடீ நிறுவனத்தின் உயர அளவுகோலில் பாருங்கள். வளைவில் கப்ளிங் நேருக்கு நேர் சந்திக்காது, எனவே வேகன் நிற்கும் இடமெல்லாம் நேர்த்தடமாக இருக்கட்டும். கழற்ற, கூரான மூங்கில் குச்சியை கப்ளிங் நடுவே விட்டுத் திருப்பினால் போதும். வேகன் தானாக உருண்டால் தண்டவாளங்களுக்கு நடுவே நாலைந்து பிரஷ் மயிர் நடுங்கள். அச்சில் உரசிப் பிடித்துக்கொள்ளும். மேடையை ஒட்டுவதற்கு முன் நீளமான வேகனை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

வேகனுக்கு ஓர் அட்டை, அதில் செருக நாலு முறை திருப்பக்கூடிய வேபில் (சரக்கு விவர) சீட்டு: எங்கே போகிறது, என்ன சரக்கு, எந்தக் கதவு. ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் சீட்டைத் திருப்புங்கள். மணிக்கு 10 மைல் வேகம் என்பது எச்.ஓ.வில் நொடிக்கு 5 செ.மீ.; அதைத் தாண்ட வேண்டாம். மேடையில் இடமில்லாத நேரத்தில் வரும் பாக்ஸ்காரை வேறு சைடிங்கில் காத்திருக்க வையுங்கள். அடுத்த ஆட்டத்தின் முதல் வேலை அதுதான்.